தேடுபெட்டியில் ஒரு ‘த்’

1

“நீங்களே ஒரு புத்தகம் தேடிக் காட்டுங்க, சார்.”

இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் தலைமை நூலகரிடம் சொல்லிவிடாதே என்று வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். சொன்னது கவுன்ட்டர் அக்கா. “லீவு கேளு. சம்பளம் கூட்டிக் கேளு. அவர் உட்கார்ந்திருக்கிற நாற்காலியைக் கேட்டாக்கூட எழுந்து குடுத்துடுவார். ஆனா தேடச் சொல்லாத. போன தடவை சொன்னவன் இப்ப பைண்டிங் ரூம்ல பசை காய்ச்சிக்கிட்டு இருக்கான்.”

அவள் சொல்லிவிட்டாள். அதுவும் தனியாக அல்ல. நூலகக் குழு முழுக்க உட்கார்ந்திருக்க, புரொஜெக்டர் ஓடிக்கொண்டிருக்க, டீ ஆறிக்கொண்டிருக்க, சொல்லிவிட்டாள்.

இதைத்தான் கதையின் தொடக்கமாக வைப்பது என்று முடிவு செய்வதற்குள் மூன்று தொடக்கங்களைக் கிழித்துப் போட்டிருக்கிறேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் கதை எழுத உட்காரவில்லை. ஒப்பீட்டு அறிக்கை எழுத உட்கார்ந்தேன். நடுவில் ஒரு கோடு, இடப்பக்கம் பழைய கேட்டலாக், வலப்பக்கம் புதிய தேடுபெட்டி. வேகம், வசதி, தோற்றம் என்று கட்டம் கட்டமாக நிரப்பிக்கொண்டே வந்தேன். ‘தமிழில் தேடினால்?’ என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நிற்கவில்லை. கட்டம் நிரம்பி, பக்கம் நிரம்பி, வழிந்து, உங்கள் கையில் வந்து நிற்கிறது.

ஏன் ‘அவள்’ என்று எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். ‘நான்’ என்று எழுதினால் இது புகார் ஆகிவிடும். ‘அவள்’ என்று எழுதினால் கதை. புகாருக்கு விசாரணை வைப்பார்கள். கதைக்கு விமர்சனம் வைப்பார்கள். எது மோசம் என்று இன்னும் தெரியவில்லை.

2

கிழித்தவற்றைக் காட்டிவிடுகிறேன். ஒளித்து வைத்து என்ன ஆகப்போகிறது.

முதலாவது: “கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அவள் உள்ளே நுழைந்தபோது, பழைய புத்தகங்களின் மணம் அவளை —” (நிறுத்து. புத்தக மணத்தைப் பற்றி உருகுகிறவர்கள் யாரும் அலமாரி துடைத்தவர்கள் இல்லை. துடைத்துப் பாருங்கள், தும்மல்தான் வரும்.)

இரண்டாவது: “அவள் தன் குடும்பத்தின் முதல் பட்டதாரி —” (உண்மைதான். ஆனால் இப்படி ஆரம்பித்தால் உடனே நீங்கள் தலையைச் சாய்த்து ‘ஐயோ பாவம்’ என்பீர்கள். அந்தப் பாவத்தை வாங்கி நான் எங்கே வைப்பது?)

மூன்றாவது: “ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் புத்தகம் தேட இரண்டு வழிகள் இருக்கின்றன.” (சுவை இல்லை. சரக்கு இருக்கிறது. இதை வைத்துக்கொள்கிறேன்.)

பழசு, அதாவது கேட்டலாக், கண்டிப்பான சித்தப்பா மாதிரி. தலைப்பை முதல் எழுத்திலிருந்து சரியாகச் சொன்னால்தான் வாயைத் திறக்கும். நடுவிலிருந்து ஒரு சொல்லைப் பிடுங்கிக் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஆனால் ‘இருக்கிறது’ என்று சொல்லிவிட்டால், மாடி, அலமாரி, தட்டு எல்லாம் சொல்லி, புத்தகமும் அங்கேயே இருக்கும்.

புதுசு, விருந்தாளிகளைக் கண்டால் தலைகால் புரியாத அத்தை. ஒரே ஒரு பெட்டி. வாய்க்கு வந்ததை அதில் போடலாம். நம் அலமாரி, பக்கத்துப் பல்கலைக்கழகத்தின் அலமாரி, கடல் கடந்த இதழ்களின் கட்டுரைகள் என எல்லாவற்றிலும் புகுந்து அள்ளிக்கொண்டு வந்து தட்டு நிறையப் பரிமாறும். நீங்கள் கேட்டது மட்டும் சில சமயம் தட்டில் இருக்காது.

இரண்டையும் ஒப்பிட்டு எழுத ஓர் ஆள் தேவைப்பட்டது. நூலகவியல் படித்துவிட்டுத் தற்காலிக வேலையில் இருந்த அவளைத் தலைமை நூலகர் கூப்பிட்டார். அறிக்கையின் கடைசி வரி மட்டும் அவரே சொன்னார்: ‘எல்லா வகையிலும் புதியதே மேல்.’ அந்த வரிக்கு மேலே எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். வரி வந்துவிட்டால் பழைய கேட்டலாக்கை அணைத்துவிடுவார்கள். அவள் வேலை நிரந்தரமாகிவிடும்.

அவளும் ஒப்புக்கொண்டாள். புதியதுதான் மேல் என்று அவளே நம்பிய காலம் அது. அம்மா வந்து போகும்வரை.

3

அம்மாவை இந்தக் கதைக்குள் கொண்டுவர எனக்கு இஷ்டமே இல்லை. அம்மா வந்தால் கண்ணீர் வரும் என்று வாசகர்கள் கைக்குட்டையோடு தயாராகிவிடுகிறார்கள். தயவுசெய்து மடித்து உள்ளே வையுங்கள். இந்த அம்மா அழமாட்டாள். வாயாடி.

ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைப் பிரிவில் அம்மாவுக்கு வேலை. படுக்கை விரிப்பு, நோயாளி அங்கி, அறுவைச் சிகிச்சை அறையின் பச்சைத் துணி எல்லாம் மலைமாதிரி வந்து விழும். தரம் பிரித்து, ஆளுயர இயந்திரத்துக்குள் தள்ளி, ஈரத்தோடு இழுத்து வெளியே போட வேண்டும். அன்றைக்கு வீட்டுச் சாவியைக் கொடுக்க நூலகத்துக்கு வந்தவள், மகளின் கம்ப்யூட்டர் முன்னால் நின்றாள்.

“இதுல எதைக் கேட்டாலும் சொல்லுமாமே?”

“கேளேன்.”

“சரி, என் வேலையைப் பத்தி யாராச்சும் எழுதியிருக்காங்களான்னு கேளு பாப்போம்.”

கேள்வி எவ்வளவு அழகாக இருந்தது என்று அப்போது மகளுக்கு உறைக்கவில்லை. அம்மாவுக்குப் புதுசின் பவிசைக் காட்டும் ஆசையில் அடித்தாள்: சலவை தொழிலாளர்.

தமிழ் நூல்கள்: எதுவுமில்லை. ஆனால் கேட்டவரை வெறுங்கையோடு அனுப்ப அத்தைக்கு மனம் வராது அல்லவா? ‘இவை உங்களுக்குப் பிடிக்கலாம்’ என்று சிலவற்றை நீட்டியது. முதலில் நின்றது சலவை இயந்திர உருளையின் அதிர்வைப் பற்றிய ஒரு பொறியியல் கட்டுரை.

அம்மா எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். “மெஷின் ஆடுறதைப் பத்தி எழுதியிருக்கான். அதைத் தள்றவ இடுப்பு ஆடுறதைப் பத்தி ஒருத்தனும் எழுதல.”

“இரும்மா, வேற மாதிரி போட்டுப் பாக்கறேன்.”

“விடுடீ. இல்லன்னா இல்ல. இருந்தா மட்டும் நான் என்ன, உக்காந்து பரீட்சையா எழுதப் போறேன்? ஷிப்டுக்கு நேரமாச்சு.”

போய்விட்டாள். சிரித்துக்கொண்டேதான் போனாள். மகளுக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ‘இல்லன்னா இல்ல’வை அம்மா எவ்வளவு சுலபமாக ஏற்றுக்கொண்டாள்! இவ்வளவு பெரிய கட்டடத்தில், இத்தனை அலமாரிகளில், தன்னைப் பற்றி ஒரு வரி இல்லை என்றால் அவளுக்கு அதில் ஆச்சரியமே இல்லை.

மகள் ஆத்திரத்தில் பழசைத் திறந்தாள். தலைப்பு என்ற இடத்தில் ‘சலவை’ என்று மட்டும் அடித்தாள்.

சித்தப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

சலவைக் கூடத்து நாட்கள்.
சலவைத் தொழிலாளர்: உடலும் உழைப்பும்.
சலவைத் தொழிலாளர் சங்கம், தோற்றமும் பிளவும்.
சலவைப் பெண்கள் பேசுகிறார்கள்.

இன்னும் இருந்தன. மூன்றாம் மாடி, வடக்கு மூலை. அவள் படியில் ஓடினாள். லிப்ட் இருந்தது. ஓடினாள்.

4

[அடிக்குறிப்பாகப் போயிருக்க வேண்டியது. பெருத்துவிட்டதால் தனிப் பகுதி.]

என்ன நடந்தது? ஒரு ‘த்’ நடந்தது.

அச்சில் ‘சலவைத் தொழிலாளர்.’ அவள் அடித்தது ‘சலவை தொழிலாளர்.’ பள்ளியில் தமிழாசிரியை ஒற்று விட்ட இடத்துக்கெல்லாம் அரை மதிப்பெண் வெட்டுவார். “ஒத்து விட்டா குடியா முழுகிடும்?” என்று வகுப்பே முணுமுணுக்கும். முழுகிவிட்டது, டீச்சர். புதுசுக்குச் ‘சலவை’ ஒரு சொல், ‘சலவைத்’ இன்னொரு சொல், ‘சலவைக்’ மூன்றாவது சொல். மூன்றும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை. பழசுக்கும் தெரியாது. ஆனால் அது முதலிலிருந்து எழுத்தெழுத்தாகத் தடவிப் பார்க்கிற ஜாதி, அதனால் வாலில் என்ன ஒட்டியிருந்தாலும் கவலைப்படாது.

கேளுங்கள், இங்கேதான் எனக்குப் புல்லரிக்கிறது. புதுசுக்குள்ளேயே ஒரு சாவி இருக்கிறது. நட்சத்திரக் குறி. ‘சலவை*’ என்று போட்டால், ‘சலவை என்று தொடங்கு, எப்படி வேண்டுமானாலும் முடி’ என்று பொருள். அவள் அதைப் பாடத்தில் படித்திருந்தாள், தேர்வில் எழுதியிருந்தாள், மறந்தும் இருந்தாள். மூன்றாம் மாடியிலிருந்து புத்தகத்தோடு இறங்கி வரும்போது படியின் நடுவில் ஞாபகம் வந்தது. அப்படியே நின்றுவிட்டாள். பின்னால் வந்த மாணவன் இடித்துக்கொண்டு, “அக்கா, ஸ்டாப் போர்டு வைங்க” என்றான்.

5

இப்போது கூட்டத்துக்குத் திரும்பலாம். வாக்கியம் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

“நீங்களே ஒரு புத்தகம் தேடிக் காட்டுங்க, சார்.”

தலைமை நூலகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். (இவரை வில்லனாக்கத்தான் எனக்கு ஆசை. இரண்டு முறை எழுதிப் பார்த்தேன், உட்காரவில்லை. காரணம் கீழே வருகிறது.)

“நான் எதுக்கும்மா? நீதானே ஒப்பிட்டுப் பாத்தவ?”

“நான் பாத்தது எனக்குத் தெரியும், சார். நீங்க பாக்கணும்.”

எதிரே இருந்த கணிதப் பேராசிரியைக்குத் தூக்கம் கலைந்தது. “தேடுங்களேன். நானும் இந்தப் புதுசைப் பாத்ததில்ல.”

வேறு வழியில்லாமல் அவர் விசைப்பலகையை இழுத்துக்கொண்டார். ஒற்றை விரலால் அடித்தார். திரையில் ஒவ்வொரு எழுத்தும் பெரிதாக விழுந்தது.

“என்ன போடணும்?”

“சலவை செய்யறவங்களைப் பத்தி.”

அடித்தார்: சலவை தொழிலாளர்.

அதே பிழை! அவள் மேசைக்கடியில் கையை இறுக்கிக்கொண்டாள், குதித்துவிடக் கூடாதே என்று. சொல்லித்தரவில்லை, சாடை காட்டவில்லை, மனுஷர் தானாகவே ‘த்’தை விட்டார். ஊரே விடுகிறது. ஊர் பேசும்போது எழுத்தை நினைத்துக்கொண்டா பேசுகிறது?

தமிழ் நூல்கள்: எதுவுமில்லை.

“நம்மகிட்ட இல்ல போலிருக்கு” என்றார்.

அவள் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தாள். ‘சலவைத் தொழிலாளர்: உடலும் உழைப்பும்.’ முதுகில் நூலக எண், உள்ளே நூலக முத்திரை. புத்தகம் ‘டொப்’ என்று விழுந்தது. (கொஞ்சம் ஓங்கித்தான் போட்டாள். நான் மென்மையாக்கி எழுதப் போவதில்லை.)

“இப்ப பழசுல வெறும் ‘சலவை’ன்னு போடுங்க, சார்.”

போட்டார். வரிசையாக வந்தன. பேராசிரியை நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். “அட! அப்ப பழசுதான் ஒசத்தியா?”

“ஆமா மேடம்!”

“இரு, இரு. அவ்வளவு சீக்கிரம் ஆமா போடாத.” பேராசிரியை விசைப்பலகையைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். பழசில் அடித்தாள்: தொழிலாளர் சலவை. ஒன்றும் வரவில்லை. “பாத்தியா? திருப்பிப் போட்டா உன் பழசும் ஊமை.” புதுசுக்குத் தாவினாள். மருத்துவமனை, துணி, கை, வெப்பம் என்று மனம்போன போக்கில் சொற்களைக் கொட்டினாள்.

ஒன்று வந்தது. ஏதோ ஒரு கருத்தரங்கத் தொகுப்பின் வயிற்றுக்குள் ஒரு கட்டுரை: மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை செய்யும் பெண்களின் கைத்தோல், நீராவியும் சோப்புக் காரமும் பட்டு என்ன ஆகிறது என்று. தொகுப்பின் தலைப்பில் சலவை என்ற சொல்லே இல்லை. சித்தப்பாவை ஆயுள் முழுக்கக் கெஞ்சினாலும் இதைச் சொல்லியிருக்கமாட்டார்.

அவள் திரையை நெருங்கிப் படித்தாள். அம்மாவின் கை. இரவில் எண்ணெய் தடவிக்கொண்டு, “ஒண்ணுமில்லடீ, தோல் உரியுது” என்பாளே, அந்தக் கை. புதுசைத் திட்டித் தீர்க்க வந்த இடத்தில், புதுசே அதை எடுத்து நீட்டியது.

“மேடம், நகருங்க” என்றாள். மரியாதையெல்லாம் மறந்துபோயிற்று. “ஒண்ணு காட்டறேன்.”

சலவை*

திரை நிரம்பி வழிந்தது. சித்தப்பா சொன்னவை, சொல்லாதவை, கட்டுரைகள், ஆய்வேடுகள், மற்ற நூலகங்களின் புத்தகங்கள், சலவைக்கு, சலவையில், சலவைத், சலவைப், எல்லாம்.

பேராசிரியை கைதட்டிவிட்டாள். “என் பாடத்தைப் போடு! கணித ஸ்டார்!” அதுவரை வாயே திறக்காத கணக்கு அதிகாரி எழுந்து நின்று, “மேடம், குளிர்சாதனப் பெட்டி ரிப்பேருக்கு ஏதாச்சும் வருமா?” என்றார். “வீட்டுல உள்ளதுக்கு” என்று தாழ்ந்த குரலில் சேர்த்துக்கொண்டார். டீ கொண்டுவந்த அக்காகூடத் தட்டோடு நின்று, ஒரு சொல் சொல்லிப் பார்த்தாள். ஆளாளுக்குக் கத்தினார்கள், அடித்தார்கள், சிரித்தார்கள். ஒரு குழுக் கூட்டத்தில் இவ்வளவு உயிரை அவள் பார்த்ததே இல்லை. ஒரு கணம், ஒரே ஒரு கணம், நூலகம் என்றால் இதுதானே என்று —

(இந்த வாக்கியத்தை முடிக்கமாட்டேன். முடித்தால் பொன்மொழி ஆகிவிடும்.)

6

“சரி, சரி” என்றார் தலைமை நூலகர். “நட்சத்திரம் போட எல்லாருக்கும் யார் சொல்லித்தர்றது?”

“யாரும் போட வேண்டாம், சார். பெட்டிக்குப் பின்னாடியே அதைப் போட்டு வைக்கச் சொல்லலாம். தமிழ்ச் சொல் வந்தா ஒத்தெழுத்தைக் கண்டுக்காதேன்னு. அது வர்ற வரைக்கும் பழசை அணைக்க வேண்டாம். செஞ்சு குடுத்தாத்தான் ஒப்பந்தத்துல கையெழுத்துன்னு புதுசை விக்கிற கம்பெனிக்காரங்ககிட்ட சொல்லுங்க.”

தலைமை நூலகர் மறுபடி கண்ணாடியைக் கழற்றினார்.

“கையெழுத்து போன மாசமே ஆயிடுச்சும்மா.”

பேராசிரியை மெல்லத் திரும்பினாள். “அப்ப நாங்க எதுக்கு இங்க உக்காந்திருக்கோம்?”

“ஒப்பீட்டு அறிக்கை ஒண்ணு இருக்கணும்னு விதி, மேடம்.”

“சட்டையைத் தச்சு முடிச்சுட்டு அளவெடுக்கறீங்களா?”

தலைமை நூலகர் அவளைப் பார்த்தார். கோபமில்லை. அதுதான் வில்லனாக்க விடாமல் தடுக்கிறது. “பழசு முன்னாடி நின்னு, ஓர் எழுத்துத் தப்பா அடிச்சிட்டு, வெறுங்கையோட திரும்பிப் போன பிள்ளைங்களை நான் பாத்திருக்கேன். நானும் அப்படிப் போனவன்தான். அதான் எவன் முன்னாடியும் தேடறதில்ல. புதுசாவது ஏதோ ஒண்ணைக் குடுக்குது இல்ல? நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சேன்.” கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “அந்தக் கடைசி வரியை எழுதிடும்மா. உன்னை நிரந்தரமாக்குற ஆர்டர் என் மேசையிலதான் இருக்கு. உங்க வீட்டுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு எனக்குத் தெரியும்.”

அவருக்கு நிஜமாகவே தெரியும். அதனால்தான் வலித்தது.

இந்த இடத்தில் எனக்குச் சில முடிவுகள் கிடைக்கின்றன. பார்க்கிறீர்களா?

முடிவு அ: அவள் வரியை எழுதுகிறாள். வேலை நிரந்தரம். அம்மா இனிப்பு வாங்கி, வேண்டாதவர் வீட்டுக்கும் கொடுத்தனுப்புகிறாள். அடுத்த வாரம் இன்னொரு பெண், இன்னொரு அம்மாவுக்காக, இன்னொரு சொல்லை ஒற்றில்லாமல் அடிக்கிறாள். ‘எதுவுமில்லை.’ (இதை எழுத எனக்குக் கை வராது. கை வருகிறவர்கள் எழுதிக்கொள்ளுங்கள்.)

முடிவு ஆ: தலைமை நூலகர் மனம் மாறி, ஒப்பந்தத்தைக் கிழித்து — (இவர் ஒரு பழைய உறையைக்கூடக் கிழிக்கமாட்டார். பின்பக்கம் எழுதலாம் என்று எடுத்து வைப்பார்.)

முடிவு இ: பேராசிரியை தலைமையில் மாணவர்கள் திரண்டு, ‘த்’ என்று எழுதிய பதாகைகளுடன் — (சிரிக்காதீர்கள். இதை எழுதும்போது எனக்கே கொஞ்சம் உடம்பு சிலிர்த்தது.)

மூன்றும் வேண்டாம். என்ன நடந்ததோ அதை, நடந்தவரை எழுதுகிறேன்.

7

“வரியா, சார்?” என்றாள். “அறிக்கையைக் காலையிலேயே அனுப்பிட்டேன். உங்களுக்கும், குழுவுல எல்லாருக்கும். அந்த வரி அதுல இல்ல. ‘பழசை அணைக்கக் கூடாது’ன்னு இருக்கு.”

பேராசிரியை போனை எடுத்துப் பார்த்தாள். கணக்கு அதிகாரியும்.

“காலையிலேயே முடிவு பண்ணிட்டு, என்னை எதுக்கும்மா எல்லார் முன்னாடியும் தேட வச்ச?”

“நீங்க போன மாசமே முடிவு பண்ணிட்டு, என்னை எதுக்கு சார் ஒப்பிட வச்சீங்க?”

பேராசிரியை இருமினாள். அந்த இருமலுக்குள் ஒரு சிரிப்பு இருந்தது.

“ஒரு திருத்தம் மட்டும் பாக்கி” என்றாள் அவள். “புதுசை அதுல கொஞ்சம் ஓவராத் திட்டியிருக்கேன். இப்பதான் தெரியுது. அதை மட்டும் மாத்தி சாயங்காலம் அனுப்பறேன். மத்தபடி எழுதினது எழுதினதுதான்.”

“அந்த ஆர்டர்?” என்றார். குரல் நிஜமாகவே கவலைப்பட்டது.

அவள் விசைப்பலகையை இழுத்துக்கொண்டாள். கைத்தோல் கட்டுரையை அச்சிட்டாள். மூலையிலிருந்த பிரிண்டர் முனகிக்கொண்டு தாள்களைத் துப்பியது. சூடாகவே எடுத்து மடித்து, மேசையில் கிடந்த புத்தகத்துக்குள் செருகினாள். அம்மாவின் ஷிப்டு முடிகிற நேரம். மருத்துவமனையின் பின்வாசலுக்கு நடந்தே போய்விடலாம். ‘இல்லன்னா இல்ல’ என்றவளிடம் ‘இருக்குடீம்மா, இருக்கு’ என்று சொல்ல வேண்டும். வேலை இருக்கிறதா என்று அம்மா திருப்பிக் கேட்பாள். கேட்கட்டும்.

இனி முடிவு. அதை நான் எழுதப் போவதில்லை. இந்தக் கதையிலிருந்து நான் கற்றுக்கொண்ட ஒரே வித்தை ஒரு நட்சத்திரம். அதைக் கடைசிச் சொல்லின் வாலில் ஒட்டி உங்களிடம் கொடுக்கிறேன். அது நிற்கும் இடத்தில் ‘னாள்’ போட்டால் கதை. ‘னேன்’ போட்டால் புகார். ‘னோம்’ போட்டால் என்ன ஆகும் என்று போட்டுப் பார்த்துவிட்டு எனக்கும் சொல்லுங்கள். எதைப் போட்டாலும் ஒன்று மட்டும் கவனியுங்கள்: அந்தச் சொல்லை ‘வெளியேறுவாள்’ என்றோ ‘வெளியேறலாமா’ என்றோ உங்களால் முடிக்க முடியாது. அந்த ‘றி’யைத் தாண்டியாகிவிட்டது.

அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியேறி*